திரும்பி வந்த வெல்லம்

எலுமிச்சம்பழம் அளவு வெல்ல உருண்டை ஒன்று ஆலத்தாங்குடிக் கோயில் குளத்தில் முழுதாகக் கரைய இருபத்திரண்டு நிமிடம் ஆகும். தையல்நாயகி அதைக் கடிகாரம் வைத்து அளந்திருக்கிறாள். அதே உருண்டையைத் தேடிப் பிடிக்கக் கெண்டைக்கு நாற்பது விநாடி போதும். கரைவதற்குள் எடுத்துவிடலாம், கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கில் ஒரு தவறும் இல்லை என்பதுதான் பின்னால் அவளுக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

கெண்டை என்பது மீன் இல்லை. ஒரு சாண் நீளத்தில் மீன் மாதிரி செய்த இயந்திரம். அரசு ஆவணங்களில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஊர்க்காரர்கள் பார்த்த முதல் நாளே கெண்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள். முந்நூறு கெண்டைகள் குளத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் எது விழுந்தாலும் கவ்விக்கொண்டு வரும். குப்பைத்தொட்டியில் போடாது. போட்டவர் காலடியிலேயே, அவர் நின்ற படியிலேயே, கொண்டுவந்து வைக்கும்.

அந்தக் கடைசி விஷயம், கெண்டைகளை வடிவமைத்த தையல்நாயகியின் யோசனை. குப்பையைத் தொட்டியில் சேர்த்தால் ஜனங்கள் போட்டுக்கொண்டேதான் இருப்பார்கள், அவரவர் குப்பையை அவரவரிடமே கொடுத்தால்தான் உறைக்கும் என்று கோயில் நிர்வாகத்தோடு சண்டை போட்டு அதை வைத்தாள். உறைக்கத்தான் செய்தது. எண்ணெய்ப் பாக்கெட்டை வீசிவிட்டு நின்ற பெரிய மனிதர் ஒருவர், சொட்டச் சொட்ட அது தன் காலடிக்கே வந்து சேர்ந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்ததை அவளே பார்த்தாள். பரிகாரத்துக்கென்று குளத்தில் விட்டுவிட்டுப் போகும் பழைய துணிகள் முதல் ஆறு மாதத்தில் நின்றன. ஒரு வருஷத்தில் அடிப்படி வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. நாட்டிலேயே சுத்தமான திருக்குளம் என்று விருது வந்தது. செயல் அலுவலர் குமரகுரு அதைச் சட்டம் போட்டு, பிணிதீர்த்தநாதர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார்.

வெல்லம்தான் சிக்கல். ஆலத்தாங்குடியில் நோய்க்கு வெல்லம் கரைப்பது பழைய வழக்கம். உருண்டையை நோயாளியின் தலையை மூன்று முறை சுற்றி, நோயாளி வர முடியாவிட்டால் அவர் பேரைச் சொல்லிச் சுற்றி, குளத்தில் போட வேண்டும். வெல்லம் கரைகிற மாதிரி வியாதியும் கரையும். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போய்விட வேண்டும்.

தையல்நாயகிக்கே கரைத்திருக்கிறார்கள். ஒன்பது வயதில் அவள் வலது கையில் ஏழு மரு இருந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்த அப்பா அவளை சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். அப்போது தண்ணீர் பச்சைப் பசேல் என்று இருக்கும். காலை வைத்தால் பாசி வழுக்கும். நிஜமான மீன்கள் வந்து பாதத்தைக் கொத்தும். பாசியும் விபூதியும் ஊறின வெல்லமும் கலந்து ஒரு வாடை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது வெல்லம் காய்ச்சுகிற இடத்தைத் தாண்டினால் அவளுக்கு அந்தக் குளம்தான் ஞாபகம் வரும். வெல்லத்தைப் போட்டபின் படியேறும்போது திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து பரபரத்தது. அப்பா அவள் பிடரியில் கை வைத்துக்கொண்டே வந்தார். "திரும்பாதடி, மரு மறுபடியும் வந்து ஒட்டிக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு அதில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை. அந்தக் கையின் சூடு மட்டும் தெரியும்.

இரண்டு மாதத்தில் ஏழும் உதிர்ந்தன. அந்த வகை மரு தானாகவே உதிர்ந்துவிடும் என்று பல வருஷம் கழித்து ஒரு தோல் மருத்துவர் சொன்னார். அவரை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் அவளுடைய பதினோராம் வயதில், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் முடிந்த ஐந்தாம் நாள், குளத்து மீன் மொத்தமும் செத்து மிதந்தது. வெல்லத்தின் சர்க்கரையைத் தின்று கிருமியும் பாசியும் பெருகி, தண்ணீரில் மூச்சுக்காற்று இல்லாமல் போய்விட்டது என்பதெல்லாம் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது வெள்ளை வெள்ளையாக மேலே திரும்பிய வயிறுகளும், பத்து நாள் வீட்டுக்குள்ளும் அடித்த நாற்றமும்தான். அவள் நீர்ப் பொறியாளர் ஆனது அந்த நாற்றத்தால்.

ஆகவே கெண்டைகளுக்கான பட்டியலில், கழிவு என்ற தலைப்பின் கீழே, பிளாஸ்டிக், துணி, எண்ணெய் என்று எழுதிக்கொண்டே வந்தவள் வெல்லம் என்றும் எழுதினாள். குமரகுரு பயந்தார்.

"மேடம், வெல்லத்துல கை வெச்சா ஊரே திரண்டு வந்துடும்."

"தெரியாது சார். யாரு திரும்பிப் பாக்கப் போறா?"

அவர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தார். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சாமியின் சட்டம். போட்டவர் கோபுரவாசலைத் தாண்டுவதற்குள் கெண்டை வெல்லத்தைப் படியில் வைத்துவிடும். பெருக்குகிறவர்கள் உடனுக்குடன் பொறுக்கிக் கோசாலைக்கு அனுப்பிவிடுவார்கள். வேறு யார் கண்ணில் பட்டாலும் யாரோ தவறவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பக்தியும் கெடாது, தண்ணீரும் கெடாது. தான் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமான காரியம் இதுதான் என்று தையல்நாயகி நினைத்தாள். மூன்று வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கீர்த்தனா திரும்பிப் பார்த்துவிட்டாள்.

சீர்காழிப் பக்கத்துப் பெண். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். அவள் கணவன் அருள் தலைக்குள் ஒரு கட்டியோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். அவன் பேரைச் சொல்லி வெல்லத்தைப் போட்டுவிட்டு நான்கு படி ஏறியிருப்பாள், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சிக்னல் விட்டுவிட்டு வரவே, எல்லோரும் செய்கிற மாதிரி, போனைக் காதில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பினாள். கீழே, அவள் முன்பு நின்ற படியில், நனைந்து பளபளவென்று, அவள் போட்ட வெல்லம் இருந்தது.

வேறொரு உருண்டையைப் போட்டாள். நின்று பார்த்தாள். வந்தது. மூன்றாவதாக இன்னொன்றைப் போட்டாள், அதுவும் வந்தது. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. யாரோ படம் பிடித்து அனுப்ப, "ஆலத்தாங்குடி சாமி வெல்லத்தை வாங்க மாட்டேங்குது" என்று மாலைக்குள் ஜில்லா முழுக்கப் பேச்சு.

மறுநாள் காலையில் குமரகுரு தொலைபேசியில் அலறிய அலறலில் தையல்நாயகி சென்னையிலிருந்து கிளம்பி மத்தியானம் வந்து சேர்ந்தாள். கோபுரவாசலில் நானூறு ஐந்நூறு பேர், எல்லோர் கையிலும் வெல்லம். இயந்திரத்தை உடைக்க வேண்டும் என்றது ஒரு கூட்டம். சாமிக்கே கோபம், இயந்திரத்தின் மேல் பழி போடாதீர்கள் என்றது இன்னொரு கூட்டம். இரண்டையும் அவளால் தாங்க முடிந்தது. தேங்காய்க் கடை ஓரமாக நின்ற ஒரு நடுவயது ஆள் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"அப்பன்னா எங்கம்மாவுக்குப் போட்டதும் திரும்பித்தான் வந்திருக்கும். நாங்கதான் பாக்கல."

கீர்த்தனா தெற்குப் படித்துறையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று வெல்ல உருண்டை. முதல் நாளிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்றார் குமரகுரு.

"நாளைக்கு காலைல ஆபரேஷன் மேடம். இந்தப் பொண்ணு சம்மதக் கையெழுத்து போட மாட்டேங்குது. போடலன்னா அந்த இடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். அப்புறம் ரெண்டு மாசம் ஆகுமாம். அவ்ளோ நாள் தாங்காதுன்னு டாக்டரே எனக்குப் போன் பண்ணிச் சொல்றாரு."

தையல்நாயகி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தான் யார் என்று சொன்னாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கெண்டைக்குக் கண் எங்கே இருக்கிறது, எப்படி மோப்பம் பிடிக்கிறது, பட்டியலில் வெல்லம் எப்படி வந்தது, மீன் செத்து மிதந்த ஆடி மாதம், எல்லாம்.

"சாமி உன் வெல்லத்தத் திருப்பிக் குடுக்கலம்மா. நான்தான் குடுத்தேன்."

கீர்த்தனா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"மிஷினுன்னு எனக்குத் தெரியாதாங்க? பிளஸ் டூவுல நான் சயின்ஸ் குரூப்பு. எங்கூர்ல தேரையும் இப்ப மோட்டார் வெச்சுத்தான் இழுக்குறாங்க. அதுக்காக தேர்ல சாமி இல்லன்னு ஆயிடுமா?"

"அது வேற..."

"என்னங்க வேற? மூணு வருஷமா எல்லாரும் போட்டாங்க, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. எனக்கு மட்டும் அந்த நேரத்துல போன் வருது. என்னையப் பாக்க வெச்சது யாரு, நீங்களா?"

தையல்நாயகி பைக்குள் கை விட்டாள். பையில் கைக்கணினி இருந்தது. இரண்டு தட்டுத் தட்டினால் முந்நூறு கெண்டையும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை வெளியே எடுத்தாள்.

"வேணாம்" என்றாள் கீர்த்தனா உடனே. "நேத்தே ஆபீசர் சார்ட்ட ஒருத்தர் சொன்னாரு, ஒரு மணி நேரம் நிறுத்தி வெய்யுங்கன்னு. நான்தான் வேணாம்னேன். பூட்டுன கதவ ஒடச்சிட்டு உள்ள போயி சாமி கும்புட்டா அது கும்புட்டதா ஆகுமா? இனிமே கரைஞ்சா அது நீங்க கரைச்சது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தையல்நாயகிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"டாக்டரு பாதிக்குப் பாதிங்குறாரு. அறுத்தாலும் போவலாம், அறுக்காட்டியும் போவலாம். நான் கையெழுத்துப் போட்டு அவரு போயிட்டா நான்தானங்க கொன்னேன்? போடாம போயிட்டாலும் நான்தான். சாமி ஒரு வார்த்தை சொல்லட்டும்னு வந்தேன். மூணு தடவை வேணாங்குறாரு. நான் என்னங்க பண்றது?"

தெளிந்த தண்ணீரில் கெண்டைகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பாசி இல்லை, வாடை இல்லை. தான் ஆசைப்பட்டுக் கட்டிய குளம் இது என்று தையல்நாயகி நினைத்துப் பார்த்தாள். அந்தப் பழைய அழுக்குக் குளத்தின் மேல் அவளுக்கு அப்போது வந்த ஏக்கத்தை எந்தப் பொறியாளரிடமும் சொல்ல முடியாது. அந்தக் குளம் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டது. வாங்கி வாங்கியே செத்தது. நன்றாகப் பராமரிக்க வேண்டும் என்றுதான் எல்லாவற்றையும் செய்தாள். வாங்கிக்கொள்வதற்கும் அங்கே ஒன்று வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அவள் வாயிலிருந்து அடுத்து வந்தது அவளே யோசிக்காதது.

"திரும்பி வந்தா வேணாம்னு அர்த்தம்னு யாரு சொன்னா உனக்கு?"

கீர்த்தனா நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கப்பா இந்த ஊரு. அவரு சொல்லியிருக்காரு. வெல்லம் கரைஞ்சா வியாதி கரையும். எப்பவாவது, ரொம்ப அபூர்வமா, திரும்பி வருமாம். அப்படி வந்தா அது பிரசாதம். சாமி கையில வாங்கி, தொட்டுட்டு, கொண்டுபோயி அவனுக்குக் குடுன்னு திருப்பித் தர்றது. தண்ணில போட வேண்டியதில்ல. நோயாளி வாயில போடணும். உனக்கு மூணு தடவை குடுத்திருக்காரு. நீ இங்க உக்காந்துட்டிருக்க."

அப்பா அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. செத்துப் பதினான்கு வருஷமான மனிதரின் பெயரில் இப்படி அடித்துவிடுகிறோமே என்று அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் கீர்த்தனாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கீர்த்தனாவும் அவளையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு துப்பட்டாவின் ஓரத்தால் மூன்று உருண்டைகளையும் ஈரம் போகத் துடைத்தாள், முடிந்துகொண்டாள், எழுந்தாள். "வர்றேங்க" என்றாள். படியேறிப் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. மேல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பூக்காரம்மா ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இரவுக்குள் கீர்த்தனா கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று குமரகுரு செய்தி அனுப்பினார். ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று தையல்நாயகி அவரிடம் கேட்கவில்லை. மறுநாள் கேட்கவில்லை, மறுவாரம் கேட்கவில்லை. பிறகு அவருக்கு மாற்றல் ஆகிவிட்டது. கேட்க ஆள் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அது வசதியாகப் போயிற்று. பன்னிரண்டு வருஷம் அவள் ஆலத்தாங்குடிப் பக்கமே போகவில்லை. வேறு நாற்பது கோயில்களுக்குக் கெண்டை விட்டாள். எங்கேயும் வெல்லத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். சின்னப் பொறியாளர்கள் அவளுக்கு வயதாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் வருஷம் தபாலில் ஓர் அழைப்பு வந்தது. ஆலத்தாங்குடிக் குடமுழுக்குக்குப் புதிய தலபுராணம் அச்சடிக்கப் போகிறார்கள். அதில் 'வெல்லப் பிரசாத மகிமை' என்று ஓர் அத்தியாயம். அன்றைக்கே உட்கார்ந்து நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். அந்த மகிமை என் வாயில் பிறந்தது, அதற்குப் பன்னிரண்டு வயதுதான், அச்சில் ஏற்றாதீர்கள் என்று. கடிதத்தை அனுப்ப மனசு வரவில்லை. எழுதும்போதே, முதலில் அருள் என்ற ஒருவன் இருக்கிறானா என்று தெரிந்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. கையோடு எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

குளம் பளிங்கு மாதிரி இருந்தது. படிக்கட்டு நிறைய ஜனம். ஒவ்வொருவராக வெல்லத்தைச் சுற்றிப் போட்டார்கள். போட்டுவிட்டு யாரும் போகவில்லை. கண்ணை மூடி, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, தண்ணீர் விளிம்பில் நின்றார்கள். கெண்டைகள் முன்பு போல் படியில் வைக்காமல் ஏந்திய கையிலேயே வைக்கப் பழகியிருந்தன. வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு துளி வாயில் போட்டுக்கொண்டு, மீதியை வீட்டில் கிடக்கும் நோயாளிக்கு முடிந்துகொண்டு போனார்கள். ஒரு துளி வெல்லமும் தண்ணீரில் கரையவில்லை.

கல்வெட்டு மாதிரி செதுக்கிய பலகை ஒன்று மண்டபத்தில் இருந்தது. பெருவியாதி வந்த சோழ ராஜா ஒருவன் போட்ட வெல்லத்தை ஈசன் மீன் வடிவத்தில் வந்து திருப்பிக் கொடுத்த கதை அதில் விவரமாக இருந்தது. தான் சொன்ன பொய்க்குத் தன்னைவிட ஆயிரம் வயது அதிகமாகியிருப்பதைப் பார்த்து தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்தது. அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார் என்று நினைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

"என்னங்க, தனியா நின்னு சிரிக்கிறீங்க?"

மண்டபத்துக்குக் கீழே, தெற்குப் படித்துறையில் கீர்த்தனா உட்கார்ந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. பார்த்தவுடன் தையல்நாயகிக்குத் தெரிந்துவிட்டது. நெற்றியில் ஒன்றும் இல்லை.

தையல்நாயகி இறங்கிப் போனாள். படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அருள்..." என்றாள்.

"போயி நாலு வருஷமாச்சும்மா."

நான்கு என்பதை அவள் மனசுக்குள் பன்னிரண்டிலிருந்து கழித்துப் பார்த்தாள். எட்டு. எட்டு வருஷம். மறுபடியும் கழித்துப் பார்த்தாள்.

"எட்டு வருஷம் இருந்தாரு" என்றாள் கீர்த்தனா. "வலது கையி சரியா வரல. பேச்சு கொஞ்சம் குழறும். எம் பொண்ணுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தாரு. எங்கிட்ட நெறைய சண்ட போட்டாரு. அப்புறம் மறுபடியும் அதே கட்டி வந்துடுச்சு. நீங்க கேக்கவே இல்லையே?"

"பயமா இருந்துச்சு. நான் அன்னிக்குச் சொன்னது..." தையல்நாயகி பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். "எங்கப்பா அப்படி எதுவும் சொல்லல கீர்த்தனா. நானா சொன்ன பொய். இதுல எல்லாம் எழுதியிருக்கேன். ஆபீசுல குடுக்கத்தான் வந்தேன்."

கீர்த்தனா கடிதத்தை வாங்கவில்லை.

"அது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா."

"அன்னிக்கேவா?"

"உங்களுக்கு பொய் சொல்லிப் பழக்கமில்ல. மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது, ஒதடு காஞ்சு போச்சு. இவ்ளோ நேரம் மிஷினப் பத்தி மளமளன்னு பேசுன மனுஷி, அப்பா பேர எடுத்ததும் திக்குறீங்க."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்ட?"

கீர்த்தனா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தனியா முடிவெடுக்க பயம்மா. எங்கம்மா இல்ல, மாமியாரு வீட்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல. டாக்டரு உங்க இஷ்டம்ங்குறாரு. சாமி சொன்னதும் எனக்கு சரியாப் புரியல. நீங்க ஒருத்தருதான், எவளோ ஒருத்திக்காகப் பெத்த அப்பா மேல பொய் சொன்னீங்க. நாளைக்கு தப்பாப் போனா அந்தப் பாவத்துல பாதி உங்களுது. சரி, பாதி தூக்க ஒரு ஆள் கெடச்சாச்சுன்னு எந்திரிச்சுப் போனேன்."

தையல்நாயகி அழுதாள். பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். கீர்த்தனா அவளைத் தடுக்கவில்லை. தன் கைப்பையைத் திறந்து சின்ன வெல்ல உருண்டை ஒன்றை எடுத்தாள்.

"இப்ப யாருக்கு? பொண்ணுக்கு ஏதாவது...?" என்றாள் தையல்நாயகி பதறி.

"ஐயோ, அவ நல்லா இருக்கா. யாருக்கும் இல்ல. மாசம் ஒரு தடவ வருவேன்."

"பொய்யின்னு தெரிஞ்சுமா?"

கீர்த்தனா உருண்டையை யார் தலையையும் சுற்றவில்லை, யார் பேரையும் சொல்லவில்லை. மெதுவாகத் தண்ணீரில் விட்டாள்.

"அம்மா போயிட்டாங்க, திரும்பல. அவரும் போயிட்டாரு. பொண்ணும் வேலைன்னு பெங்களூரு போயாச்சு. விட்டது திரும்பி வர்ற எடம், எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதாம்மா."

இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு அவள் காத்திருந்தாள்.